பாவம், அந்த மோட்டார்!



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தருகிறேன் என்று மலர்க்குழுவில் பெயர் கொடுத்தபோது, "கவிதை மட்டும் வேண்டாம்டா சாமி! நாற்பத்தோரு கவிதை வந்து கிடக்கு. இருபத்தஞ்சு அம்மா, பதினஞ்சு காதல், மிச்சம் ஒண்ணு மெக்கானிக்கல் பசங்களைத் திட்டி. நீ இ.சி.இ.தானே, டெக்னிக்கலா ஏதாவது எழுது" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே உங்கள் தலையெழுத்து, இந்தக் கட்டுரை!

இதில் கதாநாயகன் ஒரு செல்போன். வில்லன் என்று ஊரே கைகாட்டுவது ஒரு எலெக்ட்ரிக் மோட்டார். நான் அந்த மோட்டாருக்கு வக்கீல்.

என் அக்கா வீட்டுக்காரர் சென்னையில் டாக்சி ஓட்டுகிறார். பல வருடம் டீசல் வண்டி. டீசல் விலையைப் பார்த்துவிட்டு, அக்கா நகையையும் வைத்து, பாக்கிக்கு லோன் போட்டு எலெக்ட்ரிக் கார் எடுத்தார். ஓட்டுகிற செலவு குறைந்தது உண்மை. ஆனால் மாதம் பிறந்தால் டியூ கட்ட வேண்டும். சொந்தக் கார்க்காரருக்கு போன் இணைப்பு அறுந்தால் ஒரு பாட்டு நிற்கும், அவ்வளவுதான். டாக்சிக்காரருக்கு அப்படி இல்லை. சவாரி வருவது போனில், வழி காட்டுவது போனில், காசு வருவது போனில், பேட்டரி கார் என்றால் சார்ஜ் ஏற்றுவதும் போனில். ஸ்டியரிங் பாதி, செல்போன் பாதி என்றுதான் மாமா பிழைப்பு ஓடுகிறது.

அந்த போன்தான் தகராறு செய்தது. காரின் பெரிய ஸ்கிரீனில் மேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே உறைந்து நிற்கும். பாலத்தின் மேல் போகவா, கீழே போகவா என்று தெரிவதற்குள் பாலம் முடிந்துவிடும்! சவாரி அழைப்பு சில விநாடிகள்தான் காத்திருக்கும். அதற்குள் எடுக்காவிட்டால் வேறு டிரைவருக்குப் போய்விடும். மதியம் ஆனால் போன் தோசைக்கல் மாதிரி கொதிக்கும்.

சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட்டார். அவர்கள் ஒரு நாள் வைத்திருந்துவிட்டு, "ஈ.வி.ன்னா அப்படித்தான் சார். மோட்டார் இழுக்கும்போது சிக்னலை அடிச்சுடும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஏர்போர்ட் பார்க்கிங் டீக்கடையில் மற்ற டிரைவர்களும் அதையே ஆமோதித்தார்கள். மாமாவும் நம்பிவிட்டார். "வண்டியோட பிறவிக் குணமே அதுதான்னா நாம என்ன பண்றது மச்சான்? வந்த விலைக்குத் தள்ளிட்டு டீசலுக்கே போயிடலாம்னு இருக்கேன்" என்றார். வந்த விலை என்றால் என்ன? லோனும் தீராது, நகையும் வராது.

அன்று ராத்திரி அக்கா போன் பண்ணினாள். "நீ இதைத்தானேடா படிக்கிறே? உனக்கு ஃபீஸ் கட்டுறதே அவர்தான். என்னன்னு பாரு."

வேறு வழி? பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் பிடிபட்டது ஒரு சின்ன விஷயம். "சிக்னல் இல்லை" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்கிறோமே, ஒரு எலெக்ட்ரிக் காருக்குள் குறைந்தது மூன்று தனித்தனி இணைப்புகள் ஓடுகின்றன. ஒன்று, போனுக்கும் டவருக்கும் நடுவே. இதில்தான் பேச்சு, இன்டர்நெட், சவாரி அழைப்பு எல்லாம். இரண்டு, போனுக்கும் கார் ஸ்கிரீனுக்கும் நடுவே. இது காருக்குள்ளேயே முடிந்துவிடும் இரண்டடி சமாச்சாரம். மூன்று, காருக்கென்றே உள்ள சிம்முக்கும் டவருக்கும் நடுவே. கார் கூரையில் சுறா மீனின் துடுப்பு போல முளைத்திருக்கிறதே, அதுதான் பெரும்பாலும் இதற்கு ஆண்டெனா. வீட்டில் உட்கார்ந்தபடி போனில் கார் பேட்டரி எத்தனை சதவீதம் என்று பார்ப்பது இந்த மூன்றாவது வழியில்.

இந்த மூன்றில் எது அறுந்தது என்று கேட்காமலே எல்லோரும் தீர்ப்பு சொல்லியிருந்தார்கள். மாமாவிடம் கேட்டேன்: "மேப் நிக்கும்போது போன் பேச முடியுதா மாமா?" யோசித்துவிட்டு, "பேசலாமே... ஒருதரம் மேப் நின்னப்போ உங்க அக்காகிட்டதான் பேசிக்கிட்டிருந்தேன்" என்றார். அப்படியானால் அந்தச் சமயத்தில் டவர் இணைப்பு உயிரோடு இருக்கிறது. செத்தது இரண்டடி இணைப்பு. வேறு சில சமயம் ஸ்கிரீன் நன்றாக இருக்கும், இன்டர்நெட் போய்விடும். ஆக, இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே பெயர் வைத்திருந்தார்கள்.

இப்போது மோட்டார் வழக்குக்கு வருவோம். குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். காரில் உள்ள மோட்டாருக்கு ஏ.சி. மின்சாரம் வேண்டும், பேட்டரியில் இருப்பதோ 300, 400 வோல்ட் டி.சி. நடுவில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதற்குள் பெரிய டிரான்சிஸ்டர்கள் விநாடிக்குச் சுமார் பத்தாயிரம் முறை அந்த வோல்டேஜை வெட்டி வெட்டி ஒட்டுகின்றன. பத்து கிலோஹெர்ட்ஸில் இப்படி வெட்டினால் அதன் ஹார்மோனிக்ஸ் எங்கெல்லாம் விழும் என்பதை நான்காம் செமஸ்டரில் படித்தோம் (படித்தோம் என்றால், பரீட்சைக்கு முந்தின நாள்). 20, 30, 40 என்று போய் 720 கிலோஹெர்ட்ஸிலும் ஒன்று விழும். 720 என்பது என் தாத்தா தன் டிரான்சிஸ்டரில் சென்னை நிலையத்துக்காக முள்ளை நிறுத்தி வைத்திருந்த இடம்! மீடியம் வேவ் ரேடியோவுக்கு எலெக்ட்ரிக் கார் எமன் என்பது மெய். அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 2023-இல் தன் புதிய வண்டிகளிலிருந்து ஏ.எம். ரேடியோவை எடுத்துவிடப் போவதாகச் சொல்லி, எதிர்ப்புக் கிளம்பியதும் அதே வருடம் மே மாதம் முடிவை மாற்றிக்கொண்டது. வேறு சில கம்பெனிகள் எலெக்ட்ரிக் வண்டிகளில் ஏ.எம்.மை எடுத்தே விட்டன.

ஆனால் செல்போன் இருக்கும் இடம் எது? புளூடூத் 2400 மெகாஹெர்ட்ஸில். வைஃபை 2400-இலும் 5000-க்கு மேலும். 5ஜி பெரும்பாலும் 3300-க்கு மேலே. இன்வெர்ட்டரின் வோல்டேஜ் ஏறி இறங்க 50 நானோ செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அந்த நேரத்தாலும் 'பை'யாலும் வகுத்தால் சுமார் 6.4 மெகாஹெர்ட்ஸ். அந்த எல்லையைத் தாண்டிவிட்டால், அலைவரிசை பத்து மடங்கு ஆகும்போதெல்லாம் இரைச்சல் 40 டெசிபல் விழும். 6.4-இலிருந்து 2400 வரை போக 375 மடங்கு. கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 103 டெசிபல் வருகிறது. அதாவது 6.4 மெகாஹெர்ட்ஸில் இருந்த பவரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு கூட புளூடூத் வீட்டு வாசலுக்கு வந்து சேராது!

நிஜ வண்டியில் ஒயர்களின் ரிங்கிங் எல்லாம் சேர்ந்து கணக்கு இவ்வளவு அழகாக வராதுதான். சிலிக்கான் கார்பைடு டிரான்சிஸ்டர் போட்ட வண்டிகளில் ஸ்விட்ச்சிங் இன்னும் வேகம். இருந்தாலும் நூறு டெசிபல் தள்ளுபடியில் பத்து இருபது குறைந்தால் என்ன கெட்டுப் போகிறது? தவிர, அந்த ஆரஞ்சு நிற ஒயர்களுக்கு மேல் பின்னல் ஷீல்டு உண்டு, இன்வெர்ட்டருக்கு அலுமினியப் பெட்டி உண்டு. ஒரு மாடல் ரோட்டுக்கு வருவதற்கு முன் ஏ.ஐ.எஸ். 004 மூன்றாம் பகுதியின்படி மின்காந்தச் சோதனையும் உண்டு. நம் ஒரகடத்தில் உள்ள ஆராய்ச்சி மையத்திலேயே அதற்கான கூடம் இருக்கிறது. இன்பிளான்ட் டிரெய்னிங் கிடைத்தால் விடாதீர்கள்.

கணக்கு மட்டும் போதுமா? மாமா கேட்கமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நானும் என் வகுப்பு நண்பர்கள் இருவரும் மாமாவுடன் வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலைப் பக்கம் போனோம். கையில் இருந்தவை: சிக்னலை டி.பி.எம். கணக்கில் காட்டும் ஆப் போட்ட இரண்டு போன், ஒரு நோட்டு, தாத்தாவின் டிரான்சிஸ்டர், மாமா வாங்கிக் கொடுத்த இட்லிப் பொட்டலம்.

டிரான்சிஸ்டரை முன் சீட்டில் வைத்து மீடியம் வேவில் ஒரு நிலையத்தைப் பிடித்தோம். 'ரெடி' விளக்கு எரிந்ததுமே கரகரவென்றது. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த, பாட்டு போய் வண்டு ரீங்காரம்தான் மிச்சம். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா? நான்தான் சொன்னேனே!" என்றார். "இப்ப போனைப் பாருங்க மாமா" என்றேன். வண்டி ஆஃப், ரெடி, நாற்பதில், எண்பதில்... டி.பி.எம். எண் வழக்கமாக ஆடுகிற அளவுக்கு ஆடியதே தவிர, மோட்டாருக்கு அது அசையவே இல்லை. நானும் நண்பனும் மாறி மாறிப் பார்த்தோம். மாமாவையும் பின் சீட்டில் உட்கார வைத்து, ஓட்டத் தெரிந்த நண்பன் ஓட்ட, அவர் கண்ணாலேயே பார்க்க வைத்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இட்லியைப் பிரித்தார்.

எண் எப்போது விழுந்தது தெரியுமா? போனை மாமா வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்தபோது! கியர் நாப் பக்கத்தில், டேஷ்போர்டுக்கு அடியில் குகை மாதிரி ஒரு பள்ளம்; அதுதான் வயர்லெஸ் சார்ஜர் தட்டு. அங்கே வைத்தால் ஒரு எண், டேஷ்போர்டு மேலே தூக்கி வைத்தால் அதைவிட நல்ல எண், கண்ணாடியை இறக்கி வெளியே கையை நீட்டினால் இன்னும் நல்ல எண்.

இதில் பெரிய அதிசயம் இல்லை. எந்தக் காரும் ஒரு தகரப் பெட்டிதான். சிக்னல் ஜன்னல் வழியாகத்தான் வர வேண்டும். தட்டு இருக்கும் பள்ளத்துக்கு ஜன்னலே தெரியாது. அடியில் காயில், சுற்றிலும் உலோகம். சிக்னல் குறைந்தால் போன் சும்மா இருக்குமா? டவருக்குக் கேட்க வேண்டுமே என்று தன் பவரைக் கூட்டிக்கொண்டே போகும், அதிகபட்சம் சுமார் 200 மில்லிவாட் வரை. அதைச் சரியாக அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் அதைவிடப் பல மடங்கை பேட்டரியிலிருந்து இழுக்கும். மிச்சம் எல்லாம் சூடு.

கீழேயிருந்து வயர்லெஸ் சார்ஜரும் சூடேற்றும். காயிலும் காயிலும் நேருக்கு நேர் பொருந்தாமல் வண்டி குலுங்கலில் போன் அரை அங்குலம் நகர்ந்தால் போதும், மின்சாரம் பாதி சார்ஜாகவும் பாதி வெப்பமாகவும் போகும். போதாததற்கு இன்னொரு வேலை: வயர்லெஸ்ஸில் மேப் காட்டும்போது, படத்தை வரைவது கார் இல்லை. போன்தான் ஒவ்வொரு காட்சியையும் தயாரித்து, வீடியோவாகச் சுருக்கி, வைஃபையில் காருக்கு அனுப்புகிறது. புளூடூத்தின் வேலை ஆரம்பத்தில் கைகுலுக்கி அறிமுகம் செய்து வைப்பது. பாரம் சுமப்பது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. ஆக சென்னை வெயிலில், குகைக்குள்ளே, அடியில் அடுப்போடு, ஒரு போன் ஒரே நேரத்தில் டவரோடு கத்திப் பேசி, ஜி.பி.எஸ். கேட்டு, வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆப்பிள் கம்பெனி தன் போன்களை 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழ்நிலையில் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. மே மாதம் மீனம்பாக்கத்தில் நிறுத்திய காருக்குள் எத்தனை டிகிரி? போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் சார்ஜை நிறுத்தும், வேகத்தைக் குறைக்கும், திரையை மங்க வைக்கும். அந்த நேரம்தான் மாமா மேப் உறைகிற நேரம். மதியத்தில் அதிகம் வருவதற்குக் காரணமும் அதுதான். மோட்டார் காலையிலும் அதே மோட்டார்தானே!

வைத்தியம் என்ன? எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஏ.சி. காற்று வரும் துவாரத்தில் மாட்டும் ஒரு போன் ஸ்டாண்டு, ஒரு நல்ல டேட்டா கேபிள். ஸ்டாண்டு போனைக் குகையிலிருந்து ஜன்னல் உயரத்துக்குத் தூக்கியது, ஏ.சி. காற்று அதைக் குளிர வைத்தது. கேபிள் வீடியோ பாரத்தை வைஃபையிடமிருந்து வாங்கிக்கொண்டது. வயர்லெஸ் பிரச்சினைக்கு வயர் வைத்தியம்! "இதுக்குத்தான் மூணு வருஷம் படிச்சியா?" என்று மாமா கேட்டார். படித்தது எந்த வயரை எங்கே மாட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் மாமா.

கேபிளுக்கு இன்னொரு நன்மை. ஏர்போர்ட் பார்க்கிங்கில் ஸ்கிரீன் அடிக்கடி திக்கித் திக்கி வருவதாக மாமா சொல்லியிருந்தார். நம் நாட்டில் 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்தார்கள். இடம் நிறைய இருந்தாலும், ராடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்களைத் தவிர்த்துவிட்டு வண்டிகள் பெரும்பாலும் ஒரு சில சேனல்களிலேயே கூடுகின்றன. வைஃபை மரியாதை தெரிந்த ஆசாமி; பேசுவதற்கு முன் யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கும். நூறு கார் வரிசையில் நின்று நூறும் காது கொடுத்துக்கொண்டிருந்தால் யார்தான் பேசுவது? புளூடூத் வேறு ரகம். 79 சேனலில் விநாடிக்கு 1600 தரம் தாவிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அதே கூட்டத்தில் போன் பேச்சு கேட்கிறது, மேப் மட்டும் நிற்கிறது.

அடுத்து, ஜி.பி.எஸ். அம்பு சில சமயம் பக்கத்துத் தெருவில் நின்றது. இதற்கு நாங்கள் காரணம் கண்டுபிடித்தது தற்செயல். நண்பன் தன் போனை சார்ஜ் போட இடமில்லை என்று, டேஷ் கேமராவுக்காக மாமா மாட்டியிருந்த மலிவான சார்ஜரைப் பிடுங்கினான். அம்பு ரோட்டுக்குத் திரும்பியது! மீண்டும் மாட்டினோம், அலைந்தது. பிடுங்கினோம், திரும்பியது. ஜி.பி.எஸ். சிக்னல் வருவது இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து, 1575 மெகாஹெர்ட்ஸில், காதுக்குள் ரகசியம் சொல்வது போல அத்தனை மெலிதாக. ஒரு சாண் தூரத்தில் ஷீல்டு இல்லாத சின்ன ஸ்விட்ச்சிங் சர்க்யூட்டும் கேமராவும் கத்தினால் என்ன ஆகும்? இது ஏதோ சின்ன கம்பெனி சரக்கில் மட்டும் வருவது என்றும் இல்லை. யூ.எஸ்.பி. 3.0 கேபிள்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்புவதை இன்டெல் கம்பெனியே 2012-இல் அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. நானூறு வோல்ட் மோட்டாரை ஊரே திட்டிக்கொண்டிருக்க, குற்றவாளி ஐந்து வோல்ட் சார்ஜர்!

சிக்னல் பூஸ்டர் வாங்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். ஆன்லைனில் விற்கிறார்கள், தெரியும். லைசென்ஸ் இல்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம். தவிர அது கிளப்பும் இரைச்சலில் அந்த ஏரியா டவரே தடுமாறும். சில ஜெர்மன் வண்டிகளில் கம்பெனியே வேறு ஒரு வழி செய்திருக்கிறது. போன் வைக்கும் தட்டுக்கு அடியிலேயே ஒரு ஆண்டெனா. போனில் வரும் சிக்னலை அது வாங்கி, காரின் வெளி ஆண்டெனாவோடு சேர்த்துவிடும். குகையில் போட்டாலும் போன் கூரையில் இருப்பது போல. மாமா வண்டி விலையில் அதை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் இதற்கெல்லாம் மசியாத ஒரு இடம் உண்டு. பேஸ்மென்ட்!

ஒரு நாள் இரவு, எட்டு சதவீதம் பேட்டரியோடு ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸின் இரண்டாம் பேஸ்மென்டில் மாமா வண்டியை விட்டார். சார்ஜர் இருக்கிறது, காலியாகவும் இருக்கிறது, துப்பாக்கியையும் வண்டியில் சொருகியாயிற்று. ஆரம்பிக்க ஆப்பில் பொத்தானை அமுக்க வேண்டும். ஆப் சுற்றுகிறது, சுற்றுகிறது... இரண்டு தளம் கான்கிரீட்டுக்குக் கீழே இன்டர்நெட் ஏது? ஏறு மேலே. மேலே போனால் ஆப் திறக்கிறது, ஓ.டி.பி. வருகிறது. கீழே ஓடிவந்து சார்ஜர் நம்பரைப் போடுவதற்குள் நேரம் முடிந்தது. மறுபடி மேலே. வாட்ச்மேன் பரிதாபப்பட்டு, "நீங்க மேல நில்லுங்க, நான் இங்கிருந்து நம்பரைக் கத்துறேன்" என்றாராம். நாலாவது தடவையில் சார்ஜ் ஏறியது. அதற்குள் கையிலிருந்த ஏர்போர்ட் சவாரி கேன்சல்! வண்டியைத் தள்ளிவிடலாம் என்ற பேச்சு ஆரம்பித்ததே அந்த ராத்திரியில்தான் என்று அக்கா பிற்பாடு சொன்னாள்.

இதில் காருக்கு ஒரு பங்கும் இல்லை. மோட்டார் அப்போது தூங்கிக்கொண்டிருந்தது. பெட்ரோல் பங்க்கில் உங்கள் போனில் டவர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டா பெட்ரோல் போடுகிறார்கள்? சிக்னல் வராத இடத்தில் சார்ஜரை நட்டுவைத்து, அதை இயக்க சிக்னல் வேண்டும் என்று வைத்தவர்கள் யார்? இதற்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. தட்டினால் வேலை செய்யும் ஆர்.எஃப்.ஐ.டி. கார்டு இருக்கிறது. சார்ஜர்களுக்கும் கம்பெனி சர்வருக்கும் பொதுமொழியான ஓ.சி.பி.பி.யில், சர்வர் தொடர்பு இல்லாதபோதும் அனுமதிக்க வேண்டிய கார்டுகளின் பட்டியலைச் சார்ஜருக்குள்ளேயே வைத்துக்கொள்ள இடம் உண்டு. ஐ.எஸ்.ஓ. 15118 என்று ஒரு தரம் இருக்கிறது. அதில் காரும் சார்ஜரும் சார்ஜிங் கேபிள் வழியாகவே பேசிக்கொண்டு, யார் வண்டி, யார் கணக்கு என்று முடித்துக்கொள்ளும். போனுக்கு வேலையே இல்லை. ஒன்றும் முடியாவிட்டால், சார்ஜர் பக்கத்தில் ஒரு வைஃபை பெட்டி மாட்டினாலே போதுமே! பல லட்சம் ரூபாய் சார்ஜருக்குப் பக்கத்தில் இரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு மனசு வரவில்லை. மாமாவுக்கு அந்தக் கம்பெனியின் கார்டை எழுதிப்போட்டு வாங்கினோம். அங்கே இப்போது தட்டினால் சார்ஜ் ஏறுகிறது. அடுத்த கம்பெனி சார்ஜரில் அந்தக் கார்டு செல்லாது. அங்கே இன்னும் படியேறத்தான் வேண்டும்.

மாமா வண்டியை விற்கும் பேச்சை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. டியூ தவறவில்லை. டீக்கடையில் இப்போது அவரே மோட்டாருக்கு வக்கீலாகிவிட்டார் என்று கேள்வி. அந்த நூறு டெசிபல் கணக்கை அவர் ஆயிரம் டெசிபல் என்று சொல்கிறாராம். விடுங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி. ஸ்டாண்டில் தூக்கி வைத்த பிறகும், உள்ளே இருக்கும் எண்ணுக்கும் கண்ணாடியை இறக்கினால் வரும் எண்ணுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கிறது. பழைய டீசல் வண்டியில் இவ்வளவு இல்லை. துப்பு கிடைத்தது டோல்கேட்டில். மாமா ஃபாஸ்டாக் ஸ்டிக்கரைத் தனக்குப் பிடித்த இடத்தில் ஒட்டியிருந்தார். எந்த டோலிலும் கருவி அதைப் படிக்காது. கையில் ஸ்கேனரோடு ஆள் ஓடிவர வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினால், நடுக் கண்ணாடிக்குப் பின்னால் புள்ளி புள்ளியாக இருக்கும் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஒட்டவும் என்று போட்டிருக்கிறது. அங்கே மாற்றி ஒட்டியதும் அடுத்த டோலில் கேட் தானாகத் திறந்தது. ஃபாஸ்டாக் வேலை செய்வது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸில். கண்ணாடியின் ஒரு மூலையில் போகும் அலை இன்னொரு மூலையில் போகவில்லை என்றால், மற்ற இடமெல்லாம் ஏதோ பூசியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

வெயிலின் சூடு உள்ளே வராமலிருக்கக் கண்ணாடிக்குள் வெள்ளிப் படலம் வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மெல்லிசு. எலெக்ட்ரிக் காருக்கு இது மிகவும் முக்கியம், ஏ.சி. குறைவாக ஓடினால்தான் கிலோமீட்டர் கூடும். ஆனால் உலோகம் உலோகம்தான். இப்படிப் பூசிய கண்ணாடிகள் செல்போன் அலையை 20, 30 டெசிபல் வரை தடுக்கும். அதாவது நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்குதான் நேரே உள்ளே வரும். பூச்சு இல்லாத பக்கத்து ஜன்னல் வழியாக மிச்சம் வருவதால்தான் போன் பிழைக்கிறது. அந்தப் பூச்சில் பொடிப் பொடியாகக் கோடு கிழித்துவிட்டால் சூடு தடுக்கப்படும், அலை மட்டும் உள்ளே போகும் என்று படித்தேன். அலையின் நீளம் 900 மெகாஹெர்ட்ஸில் 33 சென்டிமீட்டர், 3.5 கிகாஹெர்ட்ஸில் எட்டரை சென்டிமீட்டர். எந்த அளவில் கோடு போட்டால் எது போகும் என்று செய்து பார்க்க ஆசை. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு எச்.ஓ.டி. சார் தலையாட்டிவிட்டார். நம் லேபில் உள்ள சிக்னல் ஜெனரேட்டர் அவ்வளவு உயரம் போகாது. இரண்டு பழைய வைஃபை ரௌட்டரை வைத்துச் சமாளிக்கப் போகிறோம். கண்ணாடிதான் இல்லை. உங்களில் யாருக்காவது கண்ணாடி மாற்றும் ஷெட்டில் பழக்கம் இருந்தால், உடைந்த விண்ட்ஷீல்டு ஒன்று, நடுக் கண்ணாடிக்குப் பின்னால் புள்ளி போட்ட ரகமாகப் பார்த்து, ஹாஸ்டல் ஏழாம் அறைக்குச் சொல்லி அனுப்புங்கள். ஆட்டோ வாடகை நாங்கள் தருகிறோம்.